மச்சாளுக்கு நான் எழுதிய கல்வெட்டு

அந்தக் கிளார்க் செத்து இருநூறு வருடம் இருக்கும். ஆனாலும் அவனை நான் ஏசாத நாள் இல்லை.

வேலை போனபின் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், பக்கத்து நூலகம் ஒன்றுக்குத் தொண்டராகத் தட்டச்சு செய்து கொடுக்கத் தொடங்கியிருந்தேன். இந்த நாடு வெள்ளைக்காரனின் குடியேற்றமாக இருந்த காலத்தில், கைதிகளாகக் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்ட பெண்களின் பதிவேடு அது. ஒரு துண்டுத் துணி களவெடுத்தவள், எசமானியின் வெள்ளிக் கரண்டியை அடகு வைத்தவள் என்று அநேகம் பேர் இப்படித்தான். சிட்னித் துறைமுகத்தில் இறங்கியதும் ஒரு கிளார்க் அவர்களை வரிசையில் நிறுத்தி எழுதியிருக்கிறான். பெயர், வயது, உயரம், செய்த குற்றம், தெரிந்த தொழில். பக்கத்தின் படத்தைக் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு, அவன் எழுதியதை எழுதியபடியே நான் அடிக்க வேண்டும்.

சரியான சோம்பேறி அவன். தொழில் என்ற நிரலில் முதல் பெண்ணுக்கு ‘வீட்டு வேலைக்காரி’ என்று எழுதுவான். இரண்டாவது பெண்ணுக்கு ‘மேற்படி’. மூன்றாவது பெண்ணுக்கும் மேற்படி. பக்கத்தின் அடிவரை மேற்படி, மேற்படி என்றே இறங்கிக்கொண்டு போவான். ஆண்களின் ஏட்டை அடித்துக் கொடுத்த இன்னொரு தொண்டர், அதில் தச்சன், மேசன், சப்பாத்துத் தைப்பவன், குதிரைக்கு லாடம் அடிப்பவன் என்று விதம்விதமாக இருக்கிறது என்றார். எனக்கு அதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏனடா, கை உளைஞ்சுதோ உனக்கு?” என்று திரையைப் பார்த்துக் கேட்பேன். “ஒரு கேள்வி கேட்டு எழுதியிருந்தால் என்ன குறைஞ்சு போயிருப்பாய், அறுவானே?”

அப்போது சிட்னியில், வென்ட்வேர்த்வில் பக்கம் எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர். நான், கணவர், மகள், கணவரின் தமக்கை. தமக்கையை நான் மச்சாள் என்பேன். மகளுக்கு அவர் மாமி. தெருவில் உள்ள எல்லாருக்கும் அன்ரி. அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி ஒருவரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மச்சாள் கலியாணம் செய்யவில்லை. தாய் தகப்பனைக் கடைசிவரை வைத்துப் பார்த்தது அவர்தான். இருவரும் போனபின் நாங்கள் அவரை இங்கே கூப்பிட்டோம். “அக்கா தனிய இருக்கிறா, பாவம்” என்று வெளியில் சொன்னோம். உண்மை அதுவல்ல. என் பிள்ளைக்கு எட்டு மாதம், நான் திரும்ப வேலைக்குப் போக வேண்டும், எனக்குப் பிள்ளை பார்க்க ஆள் தேவைப்பட்டது. அதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

என் பிள்ளையைப் பார்க்க வந்தவர் தெருவில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரையும் பார்த்தார். காலையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கார் வந்து நிற்கும். தாய்மார் பிள்ளையை இறக்கிவிட்டு, “அன்ரி, போட்டு வாறன்” என்று ஓடுவார்கள். நானும் அப்படி ஓடியவள்தான். பின்னேரம் வந்தால் பிள்ளை குளித்துச் சாப்பிட்டு இருக்கும். சோறு கறி மேசையில் இருக்கும். மச்சாள் குசினியில், அடுப்படியில் நிற்பார். இருபத்துமூன்று வருடம் இப்படியே போனது.

அவரைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று, மல்லிகை அவருக்கு ஆகாது. இங்கே குளிர்காலம் முடிகிற செப்ரெம்பரில் பின்வீட்டு வேலியில் மல்லிகை கொட்டிப் பூக்கும். மச்சாள் தன் அறை யன்னலை இழுத்துப் பூட்டிவிடுவார். அப்படியும் தும்மல் தொடங்கினால் ஏழு எட்டுக்கு நிற்காது. கோவிலில் யாராவது தலைக்கு ஒரு முழம் பூ நீட்டினால் மறுக்கத் தெரியாமல் வாங்கி, வெளியே வந்ததும் என் கையில் திணித்துவிட்டு மூக்கைத் துடைப்பார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

இனி, ஒரு பின்னேரம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மூன்று மணி இருக்கும். நான் வழக்கம்போலக் கணினிக்கு முன்னால் இருந்தேன். மச்சாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

“உவையள் ஆர்?”

“முந்திக் கப்பலிலை பிடிச்சுக்கொண்டு வந்த பொம்பிளையள், மச்சாள். கள்ளியள் எண்டு.”

“என்னவாம் எழுதியிருக்கு?”

முதல் வரியை வாசித்துச் சொன்னேன். “உயரம் அஞ்சடி. சாம்பல் நிறக் கண். வலக்கையிலை தழும்பு. வீட்டு வேலைக்காரி.”

“அவவுக்குக் கீழை இருக்கிறவ?”

“மேற்படி.”

“அதுக்கும் கீழை?”

“அதுவும் மேற்படிதான்.”

மச்சாளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். “அவையளுக்கு என்ன விருப்பம் எண்டு போட்டிருக்கோ?”

“விருப்பமோ?”

“ஓம். ஒரு சாப்பாடோ, பாட்டோ, இடமோ. ஏதாவது ஒண்டு.”

“ஐயோ மச்சாள், உதுகளை ஆர் மினைக்கெட்டுக் கேட்டு எழுதப் போகினம்?”

“அதுவும் சரிதான்,” என்றார். பிறகு, “எனக்கெண்டால்...” என்று தொடங்கினார்.

பக்கம் முடிய ஆறு வரி இருந்தது. இடையில் விட்டால் வரி மாறிப்போய்விடும். “பொறுங்கோ மச்சாள், இந்தப் பக்கத்தை முடிச்சிட்டு வாறன்,” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் என் கதிரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார். அது எனக்குத் தெரிந்தது. பிறகு, “தேத்தண்ணி ஆறுது, குடியும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அந்தப் பக்கத்தை முடித்தேன். அடுத்த பக்கத்தையும் முடித்தேன்.

அந்த வருடக் குளிர்காலத்திலேயே அவர் போய்விட்டார். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தார். நான் அவர் காலைத் தடவிக்கொண்டு, “மச்சாள், மச்சாள்,” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அந்த இரண்டு நாளும் எனக்கு வேறு வேலை ஒன்றும் இருக்கவில்லை. கதைக்க எவ்வளவோ நேரம் இருந்தது.

மரணப் பதிவுக்கு விவரம் எடுக்க ஈமக்கிரியைக் கம்பனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வீட்டுக்கு வந்தார். பெயர், பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர் எல்லாம் கேட்டுவிட்டு, வாழ்நாளில் என்ன தொழில் செய்தவர் என்று கேட்டார். கணவர் யோசிக்கவே இல்லை. “ஹோம் டியூட்டிஸ்,” என்றார், வீட்டு வேலை என்று. அந்தப் பெண் எழுதிக்கொண்டார். வாயைத் திறந்தேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

எங்கள் ஆட்களின் வழக்கப்படி, முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போம். முன்பக்கத்தில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரங்கள், நடுவில் அவருடைய வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி. இதைக் கல்வெட்டு என்போம். இந்தப் பக்கத்தில் யார் செத்தாலும் அந்த வாழ்க்கை வரலாற்றை எழுத என்னிடம்தான் வருவார்கள். “அக்கா, உங்கடை கையாலை எழுதினால்தான் வடிவாயிருக்கும்” என்பார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துபோகும். எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. ஆண் என்றால் படித்த பள்ளிக்கூடம், பார்த்த உத்தியோகம், கோவில் சபையில் வகித்த பதவி என்று இரண்டு பக்கம் ஓடும். பெண் என்றால் அரைப் பக்கம். இன்னாரின் அருமை மகளாகப் பிறந்து, இன்னாரைக் கைப்பிடித்து, இன்னின்ன பிள்ளைகளைப் பெற்று, விருந்தோம்பலில் சிறந்து விளங்கினார். கணினியில் அதற்கென்றே ஒரு கோப்பு வைத்திருந்தேன். ஊரையும் பெயரையும் மாற்றினால் போதும், பத்து நிமிடத்தில் ஒரு மனுசி முடிந்துவிடுவார்.

மச்சாளுக்கு அப்படி எழுதமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளதை உள்ளபடி இரண்டு பக்கம் எழுத வேண்டும். இந்த வீட்டில் எனக்காக உழைத்த மனுசிக்கு அதையாவது செய்ய வேண்டும். அதோடு அந்தக் கோப்பும் அவருக்குப் பொருந்தாது. கைப்பிடித்தவரும் இல்லை, பெற்ற பிள்ளைகளும் இல்லை. அதையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ‘பிறந்தார்’ என்ற ஒரு சொல்தான்.

கணவரைக் கேட்டேன். அறுபது வருடம் கூடப்பிறந்தவர் அல்லவா.

“அக்காவைப் பற்றி என்ன பெரிசா இருக்கு எழுத?” என்றார். கண் கலங்கித்தான் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது. “நல்ல மனுசி. எல்லாருக்கும் செய்தவ. நீர் வழமையா எழுதுற மாதிரி எழுதுமன்.”

கனடாவில் இருக்கும் கணவரின் ஒன்றுவிட்ட தங்கைக்கு ரெலிபோன் எடுத்தேன். “அவ அமைதி, அண்ணி. ஒரு சோலிக்கும் போகாத ஆள்,” என்றார். மெல்பனில் மச்சாளோடு ஒரே வகுப்பில் படித்த ஒருவர் இருக்கிறார் என்று தேடிப்பிடித்தேன். “கடைசி வாங்கிலை இருப்பா. வேறை ஒண்டும் ஞாபகம் வரேல்லை, குறை நினையாதையும்,” என்றார். பத்துப் பன்னிரண்டு பேருடன் கதைத்தேன். எல்லாரும் அமைதி என்றார்கள்.

கடைசியில் அவருடைய அலுமாரியைத் திறந்தேன். ஏழு சேலை, இரண்டு கம்பளிச் சட்டை, ஊசி நூல் டின். சேலைகளுக்கு அடியில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. நாட்குறிப்பாக இருக்குமோ என்று அவசரமாக விரித்தேன். அது பிள்ளைகளின் கொப்பி. அவர் பார்த்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். ‘முட்டை கூடாது. சிவப்புக் கோப்பையில் குடுத்தால்தான் பால் குடிப்பான்.’ ‘கரட் விருப்பம். நித்திரைக்குக் கால் தடவ வேணும்.’ ‘ரெயில் பாக்க விருப்பம், பாலத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போக வேணும்.’ கடைசிப் பக்கங்களில் எங்களுக்கும் எழுதியிருந்தார். தம்பிக்கு ஒரு பக்கம், என் மகளுக்கு மூன்று பக்கம். எனக்கு இரண்டு வரி. ‘தேத்தண்ணிக்குச் சீனி அரைக் கரண்டி. வேலை செய்யேக்கை கதைச்சால் விருப்பமில்லை.’

அவரது கட்டிலில் இருந்து வாய்விட்டு அழுதேன். செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை. கொப்பியை முன்னும் பின்னும் பிரட்டிப் பார்த்தேன். அவருக்கென்று ஒரு பக்கம் இல்லை.

அந்தக் கொப்பியை வைத்து ஒரு பக்கம் எழுதினேன். சிவப்புக் கோப்பை, ரெயில் பாலம், கால் தடவுவது எல்லாம் வந்தது. கணவர் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “உதென்னப்பா? கல்வெட்டிலை ஆரும் உப்பிடி எழுதுறவையோ? அக்காவை ஆயா எண்டு நினைக்கப் போகுது சனம்.” எனக்குக் கோபம் வந்தது. ஆனால் திரும்ப வாசித்தபோது எனக்கே ஒன்று உறைத்தது. அந்தப் பக்கத்தில் நாங்கள் எல்லாரும் இருந்தோம். அவர் இல்லை. எழுதியதை அழித்தேன்.

ஹோம்புஷில் கல்வெட்டு அச்சடிப்பவர், வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் அனுப்பாவிட்டால் தன்னால் ஏலாது என்று சொல்லிவிட்டார். வியாழன் காலை பதினொரு மணிக்கும் என்னிடம் நாலு வரிதான் இருந்தது. ஐயர் கேட்ட சாமான்களின் பட்டியலோடு கணவர் ஒரு பக்கம், சமையல்காரரின் ரெலிபோன் ஒரு பக்கம். அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. முன்பொருமுறை மெல்பனில் இறந்துபோன ஒரு பெண்ணுக்கு ரெலிபோனில் விவரம் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். அவரும் கலியாணம் செய்யாதவர், அவரும் தம்பி குடும்பத்தோடு இருந்தவர். அந்தக் கோப்பைத் திறந்து அப்படியே எடுத்துப் போட்டேன். பெயர், ஊர், உறவு எல்லாம் மாற்றினேன். பொருந்தாத ஒரு பந்தி இருந்தது, இரண்டு மூன்று வரி. அதைத் திரையில் மஞ்சள் நிறம் அடித்து வைத்தேன், எடுத்துவிட்டு வேறு எழுதலாம் என்று. கணவர் கூப்பிட்டார். போய் வந்தேன். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. மஞ்சளை எடுத்தேன், கோப்பை அனுப்பினேன்.

மஞ்சளைத்தான் எடுத்தேன். பந்தியை எடுக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் மண்டபம் நிரம்பிச் சனம். மச்சாள் வளர்த்த பிள்ளைகள் பலர் கால்சட்டையும் சேட்டுமாக வளர்ந்து வந்திருந்தார்கள். என் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து வந்த ஒரு அன்ரி அவளைப் பக்கத்தில் இருத்திக் கல்வெட்டை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டுத் தட்டுகளோடு அவர்களைக் கடந்து போனேன்.

“மல்லிகைப் பூ என்றால் அம்மையாருக்கு உயிர். அதிகாலையில் எழுந்து தம் கையால் வளர்த்த மல்லிகையைக் கொய்து இறைவனுக்குச் சூட்டிய பின்னரே நீராகாரம் அருந்துவார்.”

அது மெல்பன் பெண். மெல்பன் பெண்ணின் மல்லிகை.

இப்போது யாராவது சிரிப்பார்கள், யாராவது கேட்பார்கள் என்று நின்றேன். அன்ரி கண்ணைத் துடைத்தார். “மெய்தான் பிள்ளை. கோவிலிலை எப்ப பூ குடுத்தாலும் உங்கடை மாமி வேண்டாம் எண்டு சொன்னதே இல்லை.” பக்கத்தில் இருந்த இன்னொருவரும் தலையாட்டினார். என் கணவர் வந்து கல்வெட்டை வாங்கிப் பார்த்தார். அவராவது கண்டுபிடிப்பார் என்று நினைத்தேன். “ஓம், ஊரிலை எங்கடை வீட்டு முற்றத்திலை மல்லிகைப் பந்தல் நிண்டது,” என்றார். “அக்காதான் ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்துவா.” பிறகு என்னைப் பார்த்து, “நல்லா எழுதியிருக்கிறீர்,” என்றார்.

நான் தட்டுகளைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அச்சடித்துக் கொடுத்தாகிவிட்டது, எல்லார் கையிலும் இருக்கிறது, அந்த நேரத்தில் எழும்பி நின்று என்னத்தைச் சொல்வது? வெட்கம் பிடித்துத் தின்றது. நான் செய்த மடைவேலை வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் முதலில். தெரியவே இல்லை என்ற பயம் பிறகுதான் வந்தது. அது இன்னும் போகவில்லை.

அதன்பிறகு நூலகத்து வேலையில் உட்கார்ந்தால் அந்தக் கிளார்க்கை ஏச வாய் வருவதில்லை. அவனுக்கும் மத்தியானத்துக்குள் முடிக்கச் சொல்லி யாரோ மேலே நின்றிருப்பான். ஆனால் அவன் மேற்படி என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தான். நான் ஒருத்தியின் வாழ்க்கையை எடுத்து மற்றவளுக்குப் போட்டேன்.

இந்த ஆண்டு, மச்சாள் போய் ஒரு வருடம் முடிந்த ஆட்டைத் திவசத்தன்று மகள் ஒரு சாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மல்லிகைக் கன்று. கடையில் பார்த்ததும் மாமியின் ஞாபகம் வந்ததாம். பின்கதவடியில், மச்சாளின் அறை யன்னலுக்கு நேர் கீழே வைத்தாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அவளைக் குசினிக்குள் கூப்பிட்டு இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். மெல்பன் பெண், மஞ்சள் பந்தி, எல்லாம்.

அவள் பின்கதவால் சாடியை எட்டிப் பார்த்தாள். பிறகு, “மாமி தும்முறது எனக்குத் தெரியும்,” என்றாள். “பட், தும்மினாலும் அவவுக்கு அது விருப்பம் எண்டு நினைச்சன். புக்கிலை இருந்ததுதானே.”

“என்னிலைதான் பிழை, பிள்ளை.”

“தென் வாட் டிட் ஷீ லைக், அம்மா?”

“விடிய எழும்பி உனக்குப் பால் காய்ச்சுவா. உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவா. எனக்கு மூண்டு மணிக்குத் தேத்தண்ணி...”

“நோ, அம்மா. அது எங்களுக்குச் செய்தது. அவவுக்கு என்ன விருப்பம்?”

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். ஒருநாள் சொல்ல வந்தவர், நான்தான் பொறுக்கச் சொன்னேன் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. மகள் எழுந்து தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

சாடியை எடுத்து எறிய எனக்கு மனம் வரவில்லை. அவளும் எடுக்கவில்லை. நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். ஓகஸ்ட் முடியப் போகிறது, கன்று நிறைய மொட்டு விட்டிருக்கிறது. மச்சாளின் யன்னல் திறந்தே கிடக்கிறது. இந்த முறை அதை இழுத்துப் பூட்ட ஆளில்லை, தும்மவும் ஆளில்லை.